கோட்டை தெரியும், கொத்தளம் தெரியுமா? காலி நகரத்து மதிலைச் சுற்றி ஒரு நடை

ஒவ்வொரு ஆகஸ்ட் 15-ம் தேதியும் சென்னையில் முதலமைச்சர் கொடியேற்றும்போது, செய்தி வாசிப்பவர் 'கோட்டை கொத்தளத்தில்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கோட்டை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொத்தளம்? தோட்டம் துரவு மாதிரி சேர்த்தே சொல்லிச் சொல்லி, அது தனியாக ஒரு பொருள் என்பதே மறந்துபோயிற்று. இலங்கையின் தென்மேற்கு மூலையில் இருக்கும் காலிக்குப் போய் மதில்மேல் ஒரு சுற்று நடக்கும்வரை எனக்கும் தெரியாது.

மதில் சூழ்ந்த கடற்கரை நகரங்கள் உலகத்தில் பல உண்டு. குரோவேஷியாவில் துப்ரோவ்னிக், கொலம்பியாவில் கார்த்தஹேனா என்று பெரிய பெயர்கள். ஆனால் இந்த வகை நகரம் எப்படி வேலை செய்தது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நான் காலியைத்தான் சொல்வேன். ஊர் சின்னது. மதில் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. உள்ளே இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. நுழைவுச் சீட்டு கிடையாது. அப்புறம், கல்லில் எழுதிய தமிழுக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய சொந்தம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு மதிலைப் பார்த்தால், கட்டியவன் யாருக்குப் பயந்தான் என்று சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் தடிமனாகக் கட்டியிருக்கிறான், எந்தப் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறான் என்று மட்டும் கவனியுங்கள்.

முதலில் இடம். கடலுக்குள் நாக்கு நீட்டியது போல ஒரு சின்ன முனை. மூன்று பக்கம் தண்ணீர், வடக்குப் பக்கம் மட்டும் நிலம். முனைக்குக் கிழக்கே வளைந்த குடா, அதுதான் துறைமுகம். பாய்மரக் காலத்தில் அரேபியாவிலிருந்து சீனம் வரை போகிற கப்பல்களுக்குத் தண்ணீர் பிடிக்க, காற்று மாறும்வரை காத்திருக்க வாகான இடம். குடாவுக்குள் பாறைகள் அதிகம் என்பதுதான் சங்கடம். தெரியாத மாலுமிக்கு ஆபத்து. ஊர்க்காரர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

பெயரைப் பற்றி இரண்டு கதை சொல்வார்கள். சிங்களத்தில் இந்த ஊர் 'கால்ல'. மாட்டுப் பட்டியைக் குறிக்கும் 'கால' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் ஒருவர். பாறையைக் குறிக்கும் 'கல' என்பார் இன்னொருவர். பழந்தமிழில் காலி என்றால் மாட்டு மந்தை என்பது தற்செயலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இலங்கைப் பேருந்துகளில் ஊர்ப் பெயரை மும்மொழியிலும் எழுதியிருப்பார்கள். தமிழில் 'காலி' என்று போட்டிருக்கிறதே என்று நம்பி ஏறினால் நிற்கக்கூட இடமிருக்காது.

14-ம் நூற்றாண்டில், 1344 வாக்கில், மொராக்கோ பயணி இபின் பதூதா இந்தப் பக்கம் வந்திருக்கிறார். அவர் குறிப்பில் ஊர் 'காலி'யேதான். அடுத்து வந்தது சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹ. அவர் கொண்டுவந்து நட்ட ஒரு கல்வெட்டு, 1911-ல், காலியில் ஒரு சாக்கடைப் பாலத்தின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்ததை ஒரு பொறியாளர் கண்டெடுத்தார். தேதி 1409. மொழிகள் மூன்று: சீனம், தமிழ், பாரசீகம்.

மொழிபெயர்ப்புப் பலகை மாதிரி ஒரே வாசகத்தை மூன்று தரம் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்கோடியில், இன்றைய தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த விஷ்ணுவுக்கு. பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. ஆனால் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய், விளக்குகள் என்று போகிறது. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வியாபாரம் செய்ய வந்தவன் ஊரில் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. 600 ஆண்டுகளுக்கு முன் சீனப் பேரரசரின் ஆள் இந்தக் கடற்கரையில் யாருக்குப் புரியவேண்டும் என்று பட்டியல் போட்டபோது, அதில் தமிழ் படிப்பவர்களும் இருந்தார்கள் என்பது மட்டும் கல்லில் தெளிவாக இருக்கிறது. இன்று அந்தக் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். காலிக்குப் போகிற வழியில் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அந்தக் காலத்தில் காலியில் மதிலே கிடையாது. மதில் வந்தது ஐரோப்பியர்களோடு.

சரி, யார் முதலில் கட்டியது? போர்த்துக்கீசியர். 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையைத் தொட்டவர்கள், 1580-களின் இறுதியில் காலியில் மண்ணும் மரமும் வைத்து ஒரு கோட்டையைக் கிளப்பினார்கள். அதே காலத்தில்தான், 1588-ல், அவர்களின் படை தேவேந்திரமுனைக் கோயிலையும் கொள்ளையடித்து இடித்தது. கல்வெட்டு சொன்ன நாயனாரின் கோயில் அது. போர்த்துக்கீசியரின் பயமெல்லாம் நிலத்தின் மேல். உள்நாட்டு அரசர்களின் படை வடக்கே இருந்து நடந்து வரும். ஆகவே நிலத்தின் பக்கம் மதில், அகழி, மூன்று கொத்தளம். கடலின் பக்கம் பாறையும் அலையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

1640 மார்ச்சில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். இலங்கைத் தமிழில் ஒல்லாந்தர். வில்லெம் கோஸ்டர் என்ற தளபதி பக்கத்து ஊரான உனவட்டுனையில் படையை இறக்கி, மார்ச் 13 அன்று கோட்டையைப் பிடித்தார். கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன் அவர்களோடு உடன்படிக்கை போட்டிருந்தார்: போர்த்துக்கீசியரை விரட்டித் தாருங்கள், வாசனைப் பொருள் வியாபாரம் உங்களுக்கு. விரட்டினார்கள், கோட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை. சிங்களத்தில் இதற்கு ஒரு பழமொழியே உண்டு: இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினது போல. கோஸ்டரும் அதே ஆண்டு ஆகஸ்டில் கொலையானார்.

இந்தச் சண்டைக்கெல்லாம் காரணம் பட்டை. பிரியாணியில் போடுகிற, இலங்கையில் கறுவா என்கிற அதே பட்டைதான். அன்று ஐரோப்பாவில் அதற்கு இருந்த விலைக்கு ஒரு நகரத்தையே மதில் கட்டிக் காக்கலாம். காத்தார்கள்.

டச்சுக்காரர்கள் 1663 முதல் மதிலைக் கருங்கல்லும் முருகைக்கல்லும் வைத்து எழுப்பத் தொடங்கினார்கள். முருகைக்கல் என்பது கடலில் விளையும் பவளப்பாறை. வெட்டிக் கட்டவும் ஆகும், சுட்டுச் சுண்ணாம்பாக்கவும் ஆகும். கடல் பக்க மதில் முடிய 1729 ஆயிற்று. ஏன் அவர்களுக்குக் கடல் பக்கமும் மதில் தேவைப்பட்டது? அவர்கள் வந்த வழியே கடல்தானே. தன்னைப் போல இன்னொரு ஐரோப்பியன் கப்பலில் பீரங்கியோடு வருவான் என்ற பயம். மொத்தம் 14 கொத்தளங்கள்.

கொத்தளம் என்றால் என்ன

பீரங்கி வருவதற்கு முன் கோட்டை என்றால் உயரம்தான் கணக்கு. ஏணி எட்டாத உயரம், மேலே நின்று கல்லை உருட்ட, எண்ணெய் ஊற்ற வசதி. பீரங்கி வந்ததும் உயரமே வினையாகிவிட்டது. ஒல்லியான உயரமான சுவரில் நாலு குண்டு பட்டால் சரிந்துவிடும். அதனால் மதில்கள் குட்டையாயின, தடித்தன. வெளியே ஒரு கற்சுவர், உள்ளே மண்ணை இடித்து நிரப்பல். காலியில் மதில்மேல் புல் முளைத்து, குடும்பம் குடும்பமாக உட்கார இடம் இருப்பது அதனால்தான். நாம் உட்காருவது சுவரின் மேல் இல்லை, மண்மேட்டின் மேல். குண்டு வந்து மண்ணில் புதையும், சுவர் அதிராது.

இங்கே ஒரு புதுத் தலைவலி முளைக்கும். என்னோடு அத்தையும் வந்திருந்தார். அவரிடம் இதை விளக்க நான் கையால் காற்றில் படம் போட்டுக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: "ஏண்டா, நம்ம வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தா தெருவில் போறவன் தெரிவான். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் குனிஞ்சு பப்பாளி திருடுறவன் தெரிய மாட்டான். பக்கத்து வீட்டு மாமிதானே அவங்க மாடியிலிருந்து பார்த்துட்டுக் கத்துவாங்க?"

அவ்வளவுதான், கொத்தளம் என்பது அந்த மாமி. தடித்த மதிலின்மேல் நிற்கும் வீரனுக்கு அதன் அடிவாரம் தெரியாது. எதிரி ஓடி வந்து அடிவாரத்தை ஒட்டிவிட்டால் அவன் பிழைத்தான். நிதானமாக வெடிமருந்து வைத்துத் தகர்க்கலாம். அதனால் மதிலை நேர்கோடாக ஓட்டாமல், இடையிடையே அம்பு முனை போல வெளியே துருத்தவிட்டார்கள். அந்தத் துருத்தலின் பக்கவாட்டில் பீரங்கியை வைத்தால் மதிலின் முகத்தை ஒட்டியே சுடலாம். இந்தக் கொத்தளத்தின் அடிவாரத்தை அடுத்த கொத்தளம் பார்க்கும், அதை இது பார்க்கும். ஏன் வட்டமாக இல்லாமல் கூர்முனையாக? வட்டக் கோபுரத்துக்கு முன்னால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு துண்டு இடம் மறைந்துபோகும். கூர்முனைக்கு முன்னால் ஒளிய இடமே இல்லை. இத்தாலியில் 15, 16-ம் நூற்றாண்டுகளில் கண்டுபிடித்த இந்தக் கணக்கு, கப்பல் ஏறி உலகம் முழுக்கப் போயிற்று.

காலியில் நிலத்துப் பக்கம் நிற்கும் மூன்று பெரிய கொத்தளங்களுக்கு டச்சுக்காரர் வைத்த பெயர்: நட்சத்திரம், சந்திரன், சூரியன். சந்திரக் கொத்தளத்தில் நின்று சூரியக் கொத்தளத்தைப் பாருங்கள், அதன் முகச்சுவர் முழுசாகத் தெரியும். உங்கள் காலடியில் இருக்கும் சுவர் தெரியாது. புத்தகத்தில் படம் பார்த்து அரைமணி நேரம் குழம்புவதற்கு, இங்கே நின்றால் அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

வாசலில் ஒரு சேவல்

இப்போது நாம் நுழையும் பெரிய வாசல் ஆங்கிலேயர் 1873-ல் போக்குவரத்துக்காக மதிலை உடைத்துப் போட்டது. பழைய வாசல் துறைமுகத்துப் பக்கம் இருக்கிறது, ஒரு நீண்ட கிடங்குக் கட்டடத்தின் அடிவயிற்றைக் குடைந்துகொண்டு. வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால் பிரிட்டிஷ் அரச முத்திரை. குகை போன்ற அந்த வழியைக் கடந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், பாசி படர்ந்த கல்லில் இரண்டு சிங்கங்கள், நடுவே பின்னிப் பிணைந்த மூன்று எழுத்து, 1669 என்ற ஆண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சேவல்.

அத்தை சேவலைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகனா?" கதிர்காமமும் தெற்கே தானே, கேள்வியில் தப்பில்லை. ஆனால் இது வேறு சேவல். போர்த்துக்கீசிய மொழியில் 'காலோ' என்றால் சேவல். ஊரின் பெயர் அவர்கள் காதில் அப்படி விழ, சேவலே ஊருக்குச் சின்னமாகிவிட்டது. பிறகு வந்த டச்சுக்காரர்களும் அதை மாற்றவில்லை.

மூன்று எழுத்து வி.ஓ.சி. தூத்துக்குடிக்காரர் யாராவது உடன் வந்தால் கப்பலோட்டிய தமிழர் இங்கே எப்படி வந்தார் என்று கேட்பார். இது டச்சு ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்துச் சுருக்கம். 1602-ல் தொடங்கிய கம்பெனி. தூத்துக்குடியையும் 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது இதே கம்பெனிதான். பிற்பாடு 1906-ல் வ.உ.சி. அந்தத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார், இன்று அந்தத் துறைமுகத்துக்கே அவர் பெயர். எழுத்துப் பொருத்தம் வெறும் தற்செயல் என்றாலும், நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாசல் குடைந்துபோகும் அந்தக் கிடங்கில்தான் அன்று பட்டையும் மற்ற சரக்கும் அடுக்கியிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஊருக்குள் போகும் யாரும் கம்பெனிச் சரக்கின் கீழே குனிந்துதான் போக வேண்டும். இப்போது அங்கே கடல்சார் அருங்காட்சியகம். 1659-ல் இந்தக் குடாவிலேயே மூழ்கிய 'அவொண்ட்ஸ்டர்' என்ற டச்சுக் கப்பலைத் தோண்டியெடுத்த கதை கேட்கத்தக்கது. நங்கூரம் நழுவிக் கரை தட்டிய கப்பல் அது. அதிலிருந்து எடுத்த பொருள்களைப் பதப்படுத்திய ஆய்வுக்கூடத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது.

இனிச் சுற்று. நட்சத்திரக் கொத்தளத்தில் தொடங்கி மேற்கு மதில் வழியாகத் தெற்கே நடந்து கிழக்கே திரும்புங்கள். கோயிலில் வலம் வருவதற்கு நேர் எதிர்த் திசை. அத்தைக்கு இது கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் சாயங்காலம் மேற்கு மதிலில் இருப்பதுதான் லாபம். நாங்கள் மதியம் ஒரு மணிக்கு ஏறினோம். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். மதில்மேல் மருந்துக்கும் நிழல் கிடையாது. நாலரைக்குத் தொடங்கினால் நின்று நின்று போனாலும் இருட்டுவதற்குள் சுற்றிவிடலாம். ஒன்றிரண்டு இடத்தில் மதிலை விட்டு இறங்கித் தெரு வழியாகப் போய் மறுபடி ஏற வேண்டியிருக்கும்.

மேற்கிலும் தெற்கிலும் உள்ள கொத்தளங்களின் பெயர்களைக் கவனியுங்கள்: ஏயோலஸ், நெப்டியூன், டிரைட்டன். காற்றுக்கும் கடலுக்குமான கிரேக்க, ரோமானிய தெய்வங்கள். வடக்கே வானத்துச் சுடர்கள், இங்கே கடல் தெய்வங்கள். டிரைட்டனில் ஒரு காற்றாலை இருந்ததாம். கடல் தண்ணீரை மேலே இழுத்துத் தெருவில் புழுதி அடங்கத் தெளிப்பார்களாம். கிழக்கே போனால் அக்கர்ஸ்லோட் கொத்தளம். கோட்டையைப் பிடித்த கோஸ்டரின் சொந்த ஊர்ப் பெயர் அது. இந்த மேற்குப் பக்கத்து மதில் வடக்கு மதிலைவிட எவ்வளவு மெல்லிசு என்பது நடக்க நடக்கத் தெரியும். கடலிலிருந்து வருகிற எவனையும் கீழே கிடக்கும் பாறைகள் பாதி தின்றுவிடும் என்ற தைரியம்.

தெற்கு முனையில் கொடிப் பாறை. வரும் கப்பலுக்குக் கொடி காட்டிப் பாறைகளைப் பற்றி எச்சரித்த இடம். இப்போது அங்கே இளைஞர்கள் காசு வாங்கிக்கொண்டு மதிலிலிருந்து கடலுக்குள் குதித்துக் காட்டுகிறார்கள். எந்த இடத்தில் தண்ணீர் ஆழம், எந்த இடத்தில் பாறை என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. குதிக்க ஆசைப்படாதீர்கள்.

அடுத்தது உட்ரெக்ட் கொத்தளமும் வெள்ளைக் கலங்கரை விளக்கமும். முதல் விளக்கம் 1848-ல் வந்தது. அது தீயில் போனபின் இப்போதுள்ளதை 1939-ல் கட்டினார்கள், 26.5 மீட்டர் உயரம். அதற்கு எதிரே ஒரு வெள்ளைக் கட்டடம். இரண்டு பக்கமும் கோபுரம், முகப்பு அச்சு அசலாகப் பழைய போர்த்துக்கீசிய தேவாலயம். கிட்டப் போனால்தான் பிறை தெரியும். அது மீரான் ஜும்மா பள்ளிவாசல், 1904-ல் எழுந்தது. கோட்டைக்குள் பல தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பள்ளிவாசல் தெருவில் ஒரு திண்ணையில் இரண்டு பெரியவர்கள் மீன் விலையைப் பற்றித் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரத்தில் செவ்விளநீர் வந்தது.

உள்ளே தெருக்கள் நேர்நேராகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். டச்சுப் பெயர்கள் அங்கங்கே பிழைத்திருக்கின்றன. லெய்ன் பான் தெரு என்றால் கயிறு திரித்த தெரு. கப்பலுக்குக் கயிறு திரிக்க நீண்ட நேரான இடம் வேண்டும் இல்லையா. வீடுகளுக்கு முன்னால் தூண் வைத்த நீளத் தாழ்வாரம், பின்னால் முற்றம். பாதி வீடுகள் இன்று தங்கும் விடுதியும் நகைக் கடையும் காபிக் கடையுமாக மாறிவிட்டன. வெளிநாட்டுப் பணம் வந்ததில் கட்டடங்கள் பிழைத்தன, வாடகை கொடுக்க முடியாத குடிகள் வெளியேறினார்கள். எனக்கு அது அவ்வளவு உவப்பாக இல்லை, ஆனால் இடிந்துகிடப்பதற்கு இது மேல் என்று சொல்கிறவர்களோடும் சண்டை போட முடியவில்லை. ஒரு வாசலில் ஒரு அம்மா தலையணை மேல் குண்டூசிகளைக் குத்திவைத்து, மரக் கட்டைகளை டக் டக்கென்று மாற்றிமாற்றிப் போட்டு பூவேலை லேஸ் பின்னிக்கொண்டிருந்தார். பீரலு என்கிறார்கள். ஐரோப்பியர்கள் விட்டுப்போன கைவேலை. விரல் நீளத்துக்குப் பின்னுவதற்குள் எங்கள் செவ்விளநீர் தீர்ந்து வழுக்கையும் தீர்ந்தது.

பெரிய தேவாலயத்துக்குள் போனால் தரையைப் பாருங்கள். 1755-ல் முடிந்த டச்சுக் கோயில் அது. காலியின் ஆளுநராக இருந்த தளபதியின் மனைவி, நெடுங்காலம் கழித்துப் பிறந்த குழந்தைக்கு நன்றிக்கடனாகக் கட்டியது என்பார்கள். தரை முழுக்கப் பழைய இடுகாட்டிலிருந்து கொண்டுவந்து பதித்த கல்லறைக் கற்கள். மண்டையோடு, குறுக்கெலும்பு, குடும்ப முத்திரை எல்லாம் ஆழமாகச் செதுக்கியிருக்கும். மிதிக்காமல் நடக்க வழியில்லை.

தரைக்கு மேலே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். டச்சுக்காரர்கள் தெருக்களுக்கு அடியில் செங்கல் சாக்கடைகள் ஓட்டினார்கள். ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் அதில் புகுந்து, இறங்கும்போது கழிவை இழுத்துக்கொண்டு போகும்படி அமைப்பு. ஆள் தேவையில்லை, சந்திரன் வேலை பார்த்துக்கொள்வான். ஏற்ற இறக்கம் ரொம்பவும் குறைவான இந்தக் கடலில் அதைக் கணக்குப் போட்டுச் சரிவு வைத்தது லேசுப்பட்ட வேலை இல்லை. நம்மூரில் கக்கூஸ் என்ற சொல்லே டச்சு மொழியிலிருந்து வந்தது என்று சொன்னபோது அத்தை நம்பவில்லை. அகராதியிலேயே போட்டிருக்கிறது. துட்டும் டச்சுதான். இலங்கைத் தமிழில் அலுவலகத்துக்குச் சொல்லும் கந்தோரும் அப்படியே. ஜன்னலும் சாவியும் அவர்களுக்கு முன்னால் போர்த்துக்கீசியர் கொடுத்தது.

இவ்வளவு செலவு செய்து கட்டிய மதில், முடிந்தபின் ஒரு பெரிய முற்றுகையைக்கூடப் பார்க்கவில்லை. 1796 பிப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. சில நாளில், 23-ம் தேதி, காலிச் சாவியும் சண்டையில்லாமல் கைமாறியது. ஆங்கிலேயர் காலத்தில் ஊர் இன்னும் கொஞ்சம் செழித்தது. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற இங்கேதான் நிற்கும். 1850-களில் கப்பல் கொண்டுவந்த சேதியைக் காலியிலிருந்து கொழும்புப் பத்திரிகைக்குப் புறா வழியே அனுப்பினார்கள். அப்புறம் 1875-ல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்க, பாறை நிறைந்த காலிக்கு வருவானேன் என்று கப்பல்கள் மெல்ல இடம் மாறின. புது வாசல் திறந்து இரண்டே ஆண்டில் இந்தச் சங்கதி. ஊர் அப்படியே உறைந்து நின்றது. வளர்ந்திருந்தால் மதிலை என்றோ இடித்துச் சாலை போட்டிருப்பார்கள். கொழும்புக் கோட்டைக்கு நடந்தது அதுதான், பெயர் மட்டும் மிச்சம். காலி 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மதிலின் மேல் உண்மையான தாக்குதல் வந்தது 2004 டிசம்பர் 26 காலையில். வந்தது கண்டிப் படையும் இல்லை, பிரெஞ்சுக் கப்பலும் இல்லை. அலை முனையைச் சுற்றிக்கொண்டு போய், வடக்கே நிலத்துப் பக்கம் இருந்த பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் கிரிக்கெட் மைதானத்தையும் அடித்து நொறுக்கியது. கோட்டைக்குள் பெரிய சேதமில்லை. அத்தனை தடிமனாகக் கட்டிய வடக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத்தான் பாதுகாப்பே இல்லாமல் போனது. கொழும்பிலிருந்து ரயிலில் வந்தால் ஹிக்கடுவை தாண்டுவதற்கு முன் பெரலியவில் நினைவிடத்தைக் கடப்பீர்கள். அன்று காலியை நோக்கி வந்துகொண்டிருந்த ரயில் ஒன்று அங்கே அலையில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயிலில் வருகிறவர்கள் வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். பாதி வழி கடல் கூடவே வரும். இறங்கியதும் எதிரே மதில்தான்.

சுற்றை முடிக்கும்போது சந்திரக் கொத்தளத்தருகே மணிக்கூண்டு நிற்கும். காலியின் பறங்கியர் சமூகத்து, அதாவது ஐரோப்பிய வழிவந்த இலங்கையர் சமூகத்து, மருத்துவர் அந்தோனிஸ் நினைவாக ஊர்மக்கள் பணம் போட்டு 1883-ல் எழுப்பியது. அங்கே நின்று வடக்கே பார்த்தால் கீழே பச்சையாக அந்த மைதானம். பகைவர் வந்தால் பீரங்கிக்கு மறைவில்லாமல் இருக்கட்டும் என்று கோட்டைக்கு முன் வெறுமையாக விட்ட வெளி. பின்னால் குதிரைப் பந்தயம் ஓடியது, அதற்குப் பிறகு கிரிக்கெட். சுனாமிக்குப் பின் 2007 டிசம்பரில் மறுபடி டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது.

2010 ஜூலை 22 அன்று, தன் கடைசி டெஸ்டின் கடைசி விக்கெட்டாக முரளிதரன் ஓஜாவை வீழ்த்தி 800-ஐத் தொட்டது இந்த மைதானத்தில்தான். மகேல ஜயவர்த்தன ஸ்லிப்பில் பிடித்தார். டெஸ்ட் நடக்கும் நாள்களில் டிக்கெட் எடுக்காதவர்கள் குடையும் சோற்றுப் பொட்டலமுமாக மதில்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் போன அன்று ஆட்டமில்லை. தண்ணீர் தெளிக்கும் குழாயை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார். அத்தை மூட்டைத் தேய்த்துக்கொண்டு மதில் விளிம்பில் உட்கார்ந்து, இங்கிருந்து பார்த்தால் பந்து சுழல்வது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். விக்கெட் விழுந்தால் சத்தத்தில் தெரியும்.